லாமார் பள்ளத்தாக்கில் பிப்ரவரி

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் சாலைகளில் பெரும்பாலானவை நவம்பரில் பனிக்கு அடியில் போய்விடும். மறுபடி அவற்றில் கார் ஓட ஏப்ரல் பிறக்க வேண்டும். வடக்கு ஓரத்துச் சாலை ஒன்று மட்டும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது. மொன்டானா மாநிலத்துச் சிற்றூரான கார்டினரில் தொடங்கி, மாமத் வெந்நீர் ஊற்றுகளைத் தொட்டு, லாமார் ஆற்றோடு சேர்ந்து ஏறி, குக் சிட்டியில் போய் முடிகிறது. 80 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தூரம். பனிக்காலத்தில் குக் சிட்டிக்கு அப்பால் கார் போக வழியில்லாததால், அந்த ஊர்க்காரர்கள் பாலுக்கும் ரொட்டிக்கும்கூட இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். அவர்களை விட்டால் பிப்ரவரியில் இங்கே கண்ணில் படுகிறவர்களில் பெரும்பாலோர் ஓநாய் பார்க்க வந்தவர்கள். நானும் அதற்குத்தான் போனேன்.

பூங்காவுக்கு வருகிற கூட்டம் கோடையில்தான் வரும். ஓநாய்க் குடும்பத்தைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் வரவேண்டிய மாதம் பிப்ரவரி. பெண் ஓநாய் ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும். இந்த மலைப்பகுதியில் அது பிப்ரவரியை ஒட்டி நிகழ்கிறது. கருக்காலம் 63 நாள். ஏப்ரல் நடுவில் வளைக்குள் குட்டிகள் பிறக்கும். யார் யாரோடு சேர்வது, யார் வீட்டை விட்டுப் போவது, எந்தக் கூட்டம் உடைவது, எது புதிதாக முளைப்பது என்பதில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

லாமார் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். அகலமான தரை, நடுவே பாதி உறைந்த ஆறு, கரையோரம் இலையுதிர்ந்த காட்டன்வுட் மரங்கள், இரு பக்கமும் மெல்ல ஏறும் சரிவுகள். பனிக்கு மேலே சேஜ் புதர்களின் சாம்பல் நிறத் தலைகள் மட்டும் தெரிகின்றன. காட்டெருமைகள் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பனியை ஒதுக்கி அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தேடுகின்றன. அவற்றின் தாடியில் பனிக்கட்டி கோத்துத் தொங்குகிறது. விடியலுக்கு முன்னே வந்து சாலையோரத்தில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் நீண்ட தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டு நிற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஓநாய்க்கும் மனிதருக்கும் குறைந்தது 91 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பூங்காவின் விதி. நடைமுறையில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் பார்க்கிறோம். எனக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி கார்டினரில் குடியிருப்பவர். ஓநாயைத் தேடும்போது அவர் முதலில் பார்ப்பது அண்டங்காக்கைகளை. அவை எங்கே இறங்குகின்றனவோ அங்கே இரை விழுந்திருக்கும். இரை கிடக்கும் இடத்தில் ஓநாய் இருக்கும், அல்லது சற்று முன்புவரை இருந்திருக்கும்.

அவர் எனக்கு முதலில் காட்டியது ஓநாயை அல்ல, சாலை ஓரத்துப் பனிமேட்டை. அதன் விளிம்பில் கையகலத்துக்கு மஞ்சள் கறை. அரை அடி தள்ளி இன்னொரு கறை. அதில் மட்டும் இளஞ்சிவப்பு கலந்திருந்தது. முதலாவது ஆண் காலைத் தூக்கிப் பெய்தது. அடுத்தது பெண் பெய்தது. சிவப்பு, அவள் பருவத்துக்கு வருவதன் அடையாளம். இரண்டின் ஓரமும் ஒன்றாகவே உறைந்திருந்ததால், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேரத்தில் இட்டவை என்றார். கூட்டத்தில் எத்தனை ஓநாய்கள் இருந்தாலும் இப்படி அடுத்தடுத்துக் குறி வைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இணைசேர்ந்த சோடிதான். இந்த நிலத்துக்கு ஆள் இருக்கிறது, நாங்கள் இருவர் இருக்கிறோம் என்று அக்கம்பக்கத்துக் கூட்டங்களுக்கு அது அறிவிப்பு. புதிதாகச் சேர்ந்த சோடிகள் பழைய சோடிகளைவிட அதிகமாகவே குறி வைக்கும். மண்டியிட்டு அந்தக் கறைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓநாய்க் கூட்டம் என்றதும் ஆல்பா என்ற சொல்தான் பலருக்கு நினைவில் எழும். சண்டையிட்டு எல்லாரையும் அடக்கி மேலே ஏறிய ஒருவன் என்ற சித்திரம். அது வந்த வழி தெரிந்ததே. ருடால்ஃப் ஷெங்கெல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதினார். வெவ்வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒரே வேலிக்குள் விட்டால், வெளியேற வழியில்லாத விலங்குகள் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தை ஏற்று எழுத, அது உலகெங்கும் பரவியது. பிறகு அதே மெக், 1986 முதல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் மனிதருக்கு அஞ்சாத ஓநாய்க் குடும்பத்தை அருகிலிருந்து கோடை கோடையாகப் பார்த்தார். தலைமைக்கான போட்டி எதுவும் அங்கே இல்லை. ஒரு தாய், ஒரு தந்தை, வெவ்வேறு ஆண்டில் பிறந்த பிள்ளைகள். பிள்ளைகள் பெற்றோருக்குப் பணிகிறார்கள், வயது வந்ததும் கிளம்பிப் போகிறார்கள். 1999இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், காட்டு ஓநாய்க்கு ஆல்பா என்ற சொல் பெரும்பாலும் பொருந்தாது என்று தெளிவாகச் சொன்னார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரைப் பல ஆண்டுகள் வற்புறுத்தவும் செய்தார்.

எனக்கு மெக்மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் லாமாருக்கு வந்த பிறகு, கூட்டம் என்பது குடும்பம் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதும் போதாது என்று தோன்றுகிறது. எல்ஸ்மியர் போன்ற, இரை குறைந்த, அண்டைவீட்டார் அருகில் இல்லாத நிலத்தில் குடும்பம் சிறியதாக, அமைதியாக இருக்கிறது. யெல்லோஸ்டோனின் வடபகுதியில் எல்க் மான் மிகுதி, ஓநாய்க் கூட்டங்களும் நெருக்கம். இங்கே குடும்பத்துக்குள் மாற்றாந்தகப்பன் உண்டு, ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று தாய்கள் உண்டு, அக்காள் தங்கை பகை உண்டு, எல்லை தாண்டி இரவில் வந்து பெண்ணைத் தேடும் அயலான் உண்டு. இதில் எதையும் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. உலகில் வேறு எந்த ஓநாய்க் கூட்டத்துக்கும் எழுதப்படாத அளவு விரிவான குடும்ப வரலாறு இந்த ஓநாய்களுக்கு இருக்கிறது.

அந்த வரலாறு 1995 ஜனவரியில் தொடங்குகிறது. 1926 வாக்கில் பூங்காவின் கடைசிக் குட்டிகள்வரை கொன்று தீர்த்த பிறகு, கிட்டத்தட்ட 70 ஆண்டுகள் இங்கே ஓநாய்க் கூட்டம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. நேரே அவிழ்த்துவிட்டால் வடக்கே ஓடிவிடும் என்பதால் முதலில் வேலியிட்ட பட்டிகளில் வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். ரோஸ் க்ரீக் பட்டியில் 9 என்று எண்ணிட்ட தாய், 7 என்ற அவள் மகள், வேறொரு கூட்டத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த 10 என்ற பெரிய ஆண். மனிதர் கூட்டிவைத்த இணை அது, ஆனாலும் ஒட்டிக்கொண்டது. வெளியே விட்ட சில வாரங்களில் ஏப்ரல் மாதம் 10 என்ற ஆணை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதே நாட்களில் 9 எட்டுக் குட்டிகள் ஈன்றாள். தனியாக எட்டையும் அவள் காப்பாற்ற முடியாது என்று தாயையும் குட்டிகளையும் மறுபடி பட்டிக்குள் கொண்டுவந்து, இலையுதிர்காலம்வரை இறைச்சி போட்டு வளர்த்தார்கள்.

பட்டிக்கு வெளியே ஒரு வயதே நிரம்பிய ஆண் ஓநாய் ஒன்று சுற்றத் தொடங்கியது. 8 என்ற எண் அதற்கு. கிரிஸ்டல் க்ரீக் கூட்டத்தில் பிறந்தது, சகோதரர்களில் மிகச் சிறியது, அவர்களிடம் கடிபட்டே வளர்ந்தது. குட்டிகளோடு விளையாடிப் பழகி, 9 வெளியே வந்தபோது அவளோடு சேர்ந்துகொண்டது. தன் இரத்தமே இல்லாத எட்டுக் குட்டிகளுக்கும் அது தகப்பனாக இருந்து இரை கொண்டுவந்தது. அடக்கி ஆள்பவனே தலைவன் என்பவர்கள் இந்த 8இன் கதையைப் படிக்க வேண்டும். சண்டையில் வென்று அது தலைமைக்கு வரவில்லை. ஒரு தாய் ஏற்றுக்கொண்டாள், பிள்ளைகள் ஏற்றுக்கொண்டன. அதனால் தலைமை வந்தது. அந்த எட்டுக் குட்டிகளில் ஒன்றுதான் பின்னாளில் புகழ்பெற்ற 21.

1997 இறுதியில், லாமாரின் நடுப்பகுதியை ஆண்டுகொண்டிருந்த டுரூயிட் பீக் கூட்டத்தின் பெரிய ஆண்கள் இருவரும் பூங்காவுக்கு வெளியே சுடப்பட்டார்கள். பெண்களும் அந்த ஆண்டுக் குட்டிகளும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டரை வயது 21 தன் வீட்டை விட்டுத் தனியாக அவர்களிடம் வந்தது. முகர்ந்து, வாலாட்டி, தள்ளி நின்று, மறுபடி நெருங்கி, கடைசியில் அவர்களில் ஒருவனாக ஆனது. தன்னை வளர்த்தவனைப் போலவே அதுவும் வேறொருவன் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கியது. இதையெல்லாம் நமக்குத் தெரியவைத்தவர்களில் முதன்மையானவர் ரிக் மெக்கின்டயர். 15 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாள்கூட விடாமல், விடியலுக்கு முன் இந்தச் சாலைக்கு வந்து கண்டதை எழுதி வைத்தவர். ஓநாய்களின் குடும்பக் கதை நம் கையில் இருப்பதற்கு அந்தப் பொறுமைதான் காரணம்.

டுரூயிட் கூட்டத்துக்குள் 21 சந்தித்தது இரண்டு சகோதரிகளை. மூத்த அதிகாரம் 40 என்பவளிடம். அவள் தன் தாயையும் இன்னொரு சகோதரியையும் கூட்டத்தை விட்டு விரட்டியவள். மீந்த 42ஐ நாள்தோறும் கடித்துக் கீழே அழுத்தி வைத்தவள். 2000ஆம் ஆண்டு 40, 42, இன்னொரு பெண் என மூவரும் ஈன்றார்கள். மே மாதம் ஒரு மாலை 40 தன் தங்கையின் வளையை நோக்கிப் போனாள். மறுநாள் காலையில் உடலெங்கும் கடிபட்டு, சாகும் நிலையில் சாலையோரம் கிடந்தாள். அவளைக் கடித்தவர்கள் அதே கூட்டத்துப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். பிறகு 42 தன் குட்டிகளை வாயில் கவ்வி, இறந்த அக்காளின் வளைக்கே கொண்டுபோனாள். அக்காளின் குட்டிகளையும் சேர்த்து வளர்த்தாள். அந்த ஆண்டு மூன்று ஈற்றுகளிலும் சேர்த்து இருபத்தொரு குட்டிகள். அநேகமாக எல்லாமே பிழைத்தன. மறு ஆண்டு அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள். சாதாரணமாகப் பத்துக்கு முன்பின் இருக்கும் கூட்டம் அவ்வளவு பெருகியது பெண்கள் சேர்ந்து பிள்ளை வளர்த்ததால்தான்.

டுரூயிட் மலையின் அடிவாரத்தில் சாலை வளையும் இடத்தில் நின்று இந்தக் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே பனியும் இருண்ட ஊசியிலைக் காடும். இந்த மலைச்சரிவில் இறங்கித்தான், 2003ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் 302 என்ற கரிய ஆண் 21இன் மகள்களைத் தேடி வந்தது. மேற்கே லியோபோல்ட் கூட்டத்தில் பிறந்தவன் அவன். அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவள் வேறு யாருமல்ல, ரோஸ் க்ரீக் பட்டியிலிருந்து வந்த 7. அதாவது 302, 21க்கு ஒருதாய் அக்காளின் மகன். நம் ஊர் முறைப்படி சொன்னால் மாமன் மகள்களைத் தேடி வந்திருக்கிறான். மாமன் விடவில்லை. கண்ட இடத்தில் எல்லாம் துரத்தினான். 302 சண்டைக்கு நிற்காமல் ஓடுவான். 21 திரும்பிப் போனதும் மறுபடி வருவான். மகள்கள் தகப்பனைச் சுற்றிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். அந்த வசந்தத்தில் அவன் பிள்ளைகள் டுரூயிட் வளைகளில் பிறந்தன.

மகள்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டு ஓர் அயலானைத் தேட வேண்டும்? வீட்டிலேயே வலிமையான ஆண் இருக்கிறான். ஆனால் அவன் தகப்பன். 1995 முதல் 2004 வரையிலான 200 ஓநாய்களின் மரபணுவை ஒப்பிட்டு, பிரிஜெட் வான்ஹோல்ட்டும் உடன் உழைத்தவர்களும் 2008இல் வெளியிட்ட வம்சாவளி இதற்கு விடை சொல்கிறது. பெற்றோர் பிள்ளை, உடன்பிறப்பு என்ற நெருங்கிய உறவில் இணைசேர்வதை இந்த ஓநாய்கள் ஏறக்குறைய முழுமையாகத் தவிர்க்கின்றன. 31 ஓநாய்களில் தொடங்கிய ஒரு சிறு குடி உள்ளுக்குள்ளேயே கலந்து நலிந்து போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்புவதும், பிப்ரவரியில் அயலார் வருவதும் அந்தத் தவிர்ப்பின் மறுபக்கம்.

நிறத்திலும் ஒரு தேர்வு நடக்கிறது. எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி அதுதான். யெல்லோஸ்டோன் ஓநாய்களில் கிட்டத்தட்டப் பாதி கறுப்பு, பாதி சாம்பல். கறுப்பு நிறம் பல நூறு தலைமுறைக்கு முன் நாயோடு கலந்ததால் வந்தது என்று 2009இல் கண்டறிந்தார்கள். கறுப்பு மரபணு ஒரு பிரதி இருந்தால், டிஸ்டெம்பர் என்ற கொள்ளைநோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஆக இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டாலோ, அந்த ஓநாய் நெடுநாள் வாழ்வது அரிது. ஆகவே பிள்ளைகளுக்கு நல்லது கறுப்பும் சாம்பலும் சேர்வது. தற்செயலாகச் சேர்ந்தால் எதிர்பார்க்கக் கூடியதைவிட அதிகமான சோடிகள் இங்கே அப்படியே, ஒன்று கறுப்பும் ஒன்று சாம்பலுமாக, இருக்கின்றன. 2022இல் வெளிவந்த ஆய்வு, டிஸ்டெம்பர் அடிக்கடி தாக்கும் பகுதிகளில்தான் இந்தப் போக்கு தென்படுகிறது என்று காட்டியது.

ஒரு காலையில், பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில், இதன் ஒரு துண்டை என் கண்ணாலேயே பார்த்தேன். வடக்குச் சரிவில் ஒரு கூட்டம் படுத்துக் கிடந்தது. தொலைநோக்கியில் முதலில் கருங்கற்கள்போல் தெரிந்தவை, ஒன்று எழுந்து உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்ததும் ஓநாய்களாயின. எதிர்ச் சரிவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், தனியாக ஒரு கறுப்பு ஆண். உட்கார்ந்து தலையைத் தூக்கி ஊளையிட்டான். வாயிலிருந்து எழுந்த ஆவி முதலில் தெரிந்தது, ஒலி பின்னால் வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு சாம்பல் நிற இளம்பெண் எழுந்தாள். நேரே வரவில்லை. புதரை முகர்வதுபோல் பத்தடி, பனியைத் தோண்டுவதுபோல் பத்தடி. படுத்திருந்தவர்களின் பார்வைக்கு மறைந்ததும் ஓடத் தொடங்கினாள். ஆற்றுப் பனிக்கட்டியின்மேல் இருவரும் சந்தித்தார்கள். அவன் வாலை உயர்த்தி அசையாமல் நின்றான். அவள் அவன் முகவாயை நக்கி, திரும்பி, வாலை ஒருபக்கம் ஒதுக்கினாள். அதற்குள் மேலே தகப்பன் எழுந்துவிட்டான். அவன் இறங்கி வந்த வேகத்தில் பனி இரு பக்கமும் சிதறியது. கறுப்பன் ஓடினான், சாலையைக் கடந்தான், தெற்குக் காட்டின் விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தான். தகப்பன் ஆற்றோடு நின்றுவிட்டான். மகள் அவன் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். அவன் கடிக்கவில்லை, முகர்ந்துவிட்டு மேலே நடந்தான். அவள் பின்னால் போனாள், அடிக்கொரு தரம் தெற்கே பார்த்துக்கொண்டு. சாலையில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் மூச்சு விட்டார்கள்.

அந்தக் கறுப்பன் எடுத்தது சாதாரண ஆபத்து இல்லை. பூங்காவுக்குள் ஓநாய் சாவதற்கு முதல் காரணம் வேறு கூட்டத்து ஓநாய்கள். 42 அப்படித்தான் 2004 பிப்ரவரியில் இறந்தாள். 302உம் 2009இல் அப்படித்தான். பூங்காவின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் காரணம் மாறுகிறது. அங்கே கொல்வது பெரும்பாலும் மனிதர்.

2006இல் பிறந்ததால் 06 என்றே அழைக்கப்பட்ட பெண், 21க்கும் 42க்கும் பேத்தி. தனியாகவே எல்க் மானை வீழ்த்தக் கூடியவள். பல ஆண்களைத் தட்டிக்கழித்துவிட்டு, 754, 755 என்ற இளம் சகோதரர் இருவரைச் சேர்த்துக்கொண்டு லாமாரில் குடும்பம் அமைத்தாள். 2012 நவம்பரில் 754, டிசம்பரில் அவள், இருவரும் பூங்காவுக்குக் கிழக்கே வயோமிங்கில் சட்டப்படியான வேட்டையில் சுடப்பட்டார்கள். மீந்த 755க்குத் தன் வீட்டில் இருந்த பெண்கள் எல்லாம் மகள்கள். இணைசேர வழியில்லை. மகள்களோ வெளியாண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் தகப்பனை அண்டவிடவில்லை. இரண்டு குண்டுகளில் செத்தது இரண்டு ஓநாய் என்பது கணக்கு. சிதறியது ஒரு குடும்பம். 2018இல் அவள் மகள்களில் ஒருத்தியும் குக் சிட்டி அருகே சுடப்பட்டாள்.

2021–22 பனிக்காலத்தில் யெல்லோஸ்டோன் கூட்டங்களைச் சேர்ந்த 25 ஓநாய்கள் எல்லைக்கு வெளியே கொல்லப்பட்டன. பூங்காவின் மொத்த ஓநாய்களே சுமார் 100தான். மொன்டானா அரசு அதற்குச் சற்றுமுன்தான் பூங்காவை ஒட்டிய பகுதிகளில் இருந்த வரம்பை நீக்கியிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அடுத்த பருவத்தில் வடக்கு எல்லையை ஒட்டிய வேட்டைப் பகுதிக்கு 6 என்று வரம்பு வந்தது. கால்நடை வளர்ப்பவர்களின் இழப்பு உண்மையானது. அவர்களோடு பேசித்தான் எந்த ஏற்பாடும் நிற்கும். ஆனால் தலையை மட்டும் எண்ணும் வரம்பு எனக்குப் போதவில்லை. இணைசேரும் பருவத்தில், அல்லது சேர்ந்த பிறகு வயிற்றில் குட்டியோடு இருக்கும்போது சுடப்படும் தாயும், இலையுதிர்காலத்தில் தனியாகத் திரியும் இளம் ஓநாயும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே வருகின்றன. வயதும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. லாமார் பக்கத்து ஜங்ஷன் பியூட் கூட்டத்தில் 907 என்ற ஒற்றைக்கண் கிழவி இருந்தாள். 11 வயதுவரை வாழ்ந்து, பத்து முறை ஈன்று, 2024 டிசம்பரில் அண்டைக் கூட்டத்தோடு நடந்த மோதலில் இறந்தாள். கூட்டங்கள் மோதும்போது, முதிய ஓநாய் உடன் இருக்கும் கூட்டமே வெல்லும் வாய்ப்பு அதிகம் என்று இங்கே பல ஆண்டுப் பதிவுகள் காட்டுகின்றன. எந்த மோதலில் இறங்குவது, எதில் விலகுவது என்று முதியவர்களுக்குத் தெரியும். அப்படி ஒருத்தி உருவாக எத்தனை பிப்ரவரிகள் வேண்டும்?

நான் கிளம்பிய நாள், கார்டினரில் வழிகாட்டிப் பெண்மணியிடம் அந்தக் கறுப்பனைப் பற்றிக் கேட்டேன். காலையில்தான் பார்த்ததாகச் சொன்னார். ஆற்றங்கரையில் அவனுடைய குறிகள் கிடந்தனவாம்; இந்த முறை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டாவது கறையும் இருந்ததாம். ஏப்ரல் கடைசியில் அந்தப் பக்கத்து வளைகளைத் தூரத்திலிருந்து கவனிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தொலைநோக்கியை வண்டியில் ஏற்றினார்.